வீட்டுக்குள் வெளிச்சம் எதுவரை வருது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணிக் குழு சார்பாக ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நம் முன்னால் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, கூட்டமைப்பின் தையல் கூடத்துக்கு வரைபடம் வந்திருக்கிறது. அதற்கு ஒப்புதல் தர வேண்டும். இன்னொன்று, அரசுத் திட்டத்தில் வீடு கட்ட உத்தரவு வாங்கியிருக்கும் நம் உறுப்பினர்கள் சிலர் அஸ்திவாரம் முடித்து சுவர் எழுப்ப ஆரம்பித்திருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு விஷயம் பேசப் போகிறோம். அது ஜன்னல்.

"ஜன்னலைப் பத்திப் பேச ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. சிரிங்க, பரவாயில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். நாங்கள் களப்பணிக்கு வரும்போது பகல் பதினொரு மணிக்கு உங்களை எங்கே பார்க்கிறோம்? பீடி சுற்றுகிறவர், அரிசியில் கல் பொறுக்குகிறவர், ரவிக்கைக்கு ஊக்கு தைக்கிறவர், பாஸ்புக்கில் கணக்குப் பார்க்கிற ஊக்குநர், எல்லோரும் வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டுக்குள் ஏன் உட்காரவில்லை என்று கேட்டால், "உள்ள இருட்டா இருக்கு மேடம்" என்கிறீர்கள். வெளியே சூரியன் கொளுத்துகிறது, உள்ளே பல்பு எரிகிறது. ஒரு லட்சம், இரண்டு லட்சம் செலவு பண்ணிக் கட்டின வீட்டில் பகலில் வேலை செய்ய ஒரு சாண் இடம் வெளிச்சமாக இல்லை என்றால் அது சின்ன விஷயமா?

இதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றி இன்றைக்குச் சொல்கிறோம். பெயர் கிறிஸ்டோஃப் ரைன்ஹார்ட். ஜெர்மனியில் பௌதிகம் படித்தவர், பிறகு கட்டிடக் கலையில் டாக்டர் பட்டம் வாங்கினார். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் வேலை பார்த்துவிட்டு, 2012-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போய்ப் பேராசிரியர் ஆனார். (குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, இது மாசசூசெட்ஸில் இருப்பது.) ஒரு கட்டிடத்துக்குள் பகல் வெளிச்சம் எவ்வளவு வரும், அதனால் கரண்டு எவ்வளவு மிச்சமாகும், கூடவே சூடு எவ்வளவு வந்து சேரும் என்பதைக் கட்டுவதற்கு முன்னாலேயே கணக்குப் போட்டுச் சொல்வதுதான் இவர் வேலை.

இவர்களுக்கு முன்னால் ஒரு பழைய கணக்கு இருந்தது. இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. வானம் முழுக்க மேகம் மூடியிருப்பதாக வைத்துக்கொண்டு, வெளியே நூறு பங்கு வெளிச்சம் இருந்தால் வீட்டுக்குள் எத்தனை பங்கு என்று பார்ப்பார்கள். லண்டன் மாதிரி எப்போதும் மூடாக்குப் போட்ட ஊருக்கு அது சரி. ஆனால் அந்தக் கணக்கில் சூரியனே கிடையாது. ஜன்னல் வடக்கே இருந்தாலும் மேற்கே இருந்தாலும் ஒரே விடைதான் வரும். மேற்கு ஜன்னலும் வடக்கு ஜன்னலும் ஒன்று என்று நம்மிடம் யாராவது சொன்னால் சிரிக்க மாட்டோமா?

ரைன்ஹார்டும் கூட வேலை செய்தவர்களும் வேறு மாதிரி யோசித்தார்கள். ஒரு வருஷத்துக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த ஊரில் வெயில் எப்படி, மேகம் எப்படி என்ற வானிலைக் கணக்கை எடுத்துக் கம்ப்யூட்டரில் கொடுத்து, அறைக்குள் ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு வெளிச்சம் விழும் என்று பார்த்தார்கள். இதற்காக அவர் உருவாக்கிய மென்பொருளுக்கு டேசிம் என்று பெயர். விடையை அவர்கள் சொல்லும் விதம்தான் நமக்குப் பிடித்திருந்தது. 'இந்த இடத்தில் வேலை நேரத்தில் நூற்றுக்கு எத்தனை மணி நேரம் விளக்கே போடாமல் சமாளிக்கலாம்?' அவ்வளவுதான் கேள்வி. கரண்டு பில் கட்டுகிற எந்தப் பெண்ணுக்கும் புரிகிற கேள்வி.

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் வெட்டவெளியில் ஒரு லட்சம் லக்ஸ் வரை இருக்கும். எழுதப் படிக்க 300 லக்ஸ் இருந்தால் நல்லது. தையலுக்கு, அதுவும் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால், அதைவிட அதிகம் வேண்டும். அமெரிக்காவின் விளக்கொளிப் பொறியாளர் சங்கம் 2012-இல் ஒரு அளவுகோல் வைத்தது. காலை 8 முதல் மாலை 6 வரை, வருஷம் முழுக்கச் சேர்த்துப் பார்த்தால், பாதி நேரமாவது 300 லக்ஸ் பகல் வெளிச்சம் கிடைக்கிற இடத்தைத்தான் அதில் வெளிச்சமான இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சொன்னால் போதுமா, ஆளுங்க கண்ணுக்கு அப்படித் தெரியணுமே? இந்தச் சந்தேகம் அவர்களுக்கே வந்தது. அதனால் கட்டிடக் கலை படிக்கும் மாணவர்களை ஒரு அறைக்குள் விட்டு, கையில் அறையின் படத்தைக் கொடுத்து, "எதுவரைக்கும் வெளிச்சமா இருக்கு? அங்க ஒரு கோடு போடு" என்றார்கள். முதலில் ஒரு கல்லூரியில், பிறகு பதினொரு கல்லூரிகளில். ஆளுக்கு ஆள் கோடு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், எல்லோருடைய கோட்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் கம்ப்யூட்டர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது.

நம்ம ஊரில் கோலமாவால் தெருவில் ஊர் வரைபடம் போட்டோமே, ஞாபகம் இருக்கா? அதேதான். எங்களுக்கு இதில் ஒரு சின்னக் குறையும் படுகிறது. கோடு போட்டவர்கள் எல்லோரும் கட்டிடக் கலை மாணவர்கள். துவரம்பருப்பில் பூச்சி பார்க்கிற அக்காவையோ, ஊசியில் நூல் கோக்கிற நாற்பத்தைந்து வயது அம்மாவையோ கோடு போடச் சொல்லியிருந்தால், அது ஜன்னலுக்கு இன்னும் இரண்டு அடி பக்கத்தில் வந்திருக்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

சரி, கொத்தனாரிடம் சொல்கிற மாதிரி ஒரு கணக்கு இருக்கிறதா என்றால், இருக்கிறது. கட்டிடக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லி வந்த ஒரு தோராயக் கணக்கை ரைன்ஹார்ட் 2005-இல் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்த்தார். தரையில் இருந்து ஜன்னலின் மேல் விளிம்பு வரைக்கும் உயரத்தை அளக்க வேண்டும். வெயிலை மறைக்கத் திரை போட வேண்டிய ஜன்னல் என்றால், அந்த உயரத்தைப் போல ஒரு மடங்கில் இருந்து இரண்டு மடங்கு தூரம் வரைதான் வெளிச்சம் உள்ளே போகும். திரையே தேவைப்படாத ஜன்னலுக்கு இரண்டரை மடங்கு வரை போகலாம். நடுத்தரமாக ஒன்றரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

கவனிச்சீங்களா, ஜன்னல் எவ்வளவு பெரிசு என்று முதலில் கேட்கவில்லை. மேல் விளிம்பு எவ்வளவு உயரம் என்றுதான் கேட்கிறது. ஜன்னலைக் கீழே இறக்கி இறக்கிப் பெரிசு பண்ணினால் ஜன்னலோரத்தில்தான் வெளிச்சம் கூடும். உயர்த்தினால்தான் மூலை வரைக்கும் போகும்.

இப்போது நம் தையல் கூடத்தின் வரைபடத்தைப் பாருங்கள். அகலம் 20 அடி, நீளம் 30 அடி. ஜன்னல் எல்லாம் தெற்குச் சுவரில் மட்டும் இருக்கிறது. வடக்கே முழுச் சுவர். லிண்டல் 7 அடி. ஏழும் ஏழில் பாதியும் சேர்த்தால் பத்தரை அடி. அதாவது பாதிக் கூடம் வெளிச்சம், பாதிக் கூடம் இருட்டு. வடக்குச் சுவரிலும் ஜன்னல் வைத்தால் இந்தப் பக்கம் பத்தரை, அந்தப் பக்கம் பத்தரை, கூடம் முழுக்க எட்டிவிடும். லிண்டலை 8 அடிக்கு உயர்த்தினால் ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு அடி.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம் என்றால், கூடத்தில் உட்காரப் போகிறவர்களுக்குப் பீஸ் ரேட் கூலி. ஜன்னலோரம் உட்காருகிறவர் ஒரு நாளைக்குத் தைப்பதையும் இருட்டுப் பக்கம் உட்காருகிறவர் தைப்பதையும் எண்ணிப் பார்த்தால் ஒன்றாக இருக்காது. கரண்டு போனால் ஒருத்தி மிதித்துக்கொண்டே இருப்பாள், இன்னொருத்தி கையைக் கட்டி உட்கார்ந்திருப்பாள். யாருக்கு எந்த இடம் என்று சண்டை வரும், அதை நாம்தான் கூட்டம் போட்டுத் தீர்க்க வேண்டும். சுவர் எழும்புவதற்கு முன்னால் நாலு ஜன்னல் வைப்பது அதைவிடச் சுலபம். வடக்கு ஜன்னலை எடுத்துவிட்டால் செலவு குறையும் என்று கொத்தனார் சொன்னது உண்மைதான். ஆனால் மிஷினில் உட்காரப் போவது அவர் இல்லை.

வடக்கும் தெற்கும் என்று ஏன் சொல்கிறோம்? கிழக்கு மேற்கில் வெயில் தாழ்வாக வரும். எவ்வளவு நீளமாக சன்ஷேடு போட்டாலும் அதற்குக் கீழே நுழைந்து முகத்தில் அடிக்கும். மேற்கு ஜன்னல் ரொம்ப மோசம். சுவரெல்லாம் காய்ந்து கிடக்கிற மூன்று, நாலு மணிக்கு உள்ளே வரும். வடக்கிலும் தெற்கிலும் உச்சி வெயில் உயரத்தில் இருப்பதால் இரண்டு அடி சன்ஷேடே பெரும்பாலும் தடுத்துவிடும். ஜெர்மனிக்காரருக்கு வடக்கு ஜன்னலில் வெயில் என்ற பேச்சே குறைவு. நமக்கு அப்படி இல்லை. ஏப்ரலில் ஒரு நாளும், பிறகு ஆகஸ்டு அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு நாளும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். அந்த இரண்டு நாளுக்கும் நடுவில் உச்சிப் பொழுதில் சூரியன் வடக்குப் பக்கம்தான் இருக்கும். அதனால் வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். கொத்தனார் "வடக்குக்கு எதுக்கும்மா?" என்றால் இதைச் சொல்லுங்கள்.

வெளிச்சம் கூடக் கூட நல்லது என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் நபில், மர்டால்யேவிச் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2005-இல் இதை எழுதினார்கள். 100 லக்ஸுக்குக் கீழே இருந்தால் பிரயோஜனம் இல்லை, 2,000 லக்ஸுக்கு மேலே போனால் கண்ணும் கூசும், சூடும் ஏறும், நடுவில் இருப்பதுதான் உபயோகமான வெளிச்சம் என்றார்கள்.

நம் ஓட்டு வீடுகளில் கண்ணாடி ஓடு ஒன்று போட்டிருப்பார்கள். ஒரு சதுர அடிக் கண்ணாடி வழியாக உச்சி வெயிலில் எட்டு 9 வாட் எல்.இ.டி. பல்பு அளவுக்கு வெளிச்சம் இறங்கும். கூடவே 75 வாட் அளவுக்குச் சூடும் இறங்கும். எட்டு எல்.இ.டி. பல்பு எரித்தாலும் கிட்டத்தட்ட அதே சூடுதான். குண்டு பல்பு காலத்தில் சூரியன்தான் சிக்கனம். எல்.இ.டி. வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. வெயிலை நேராக உள்ளே விடுவதில் பெரிய லாபம் இல்லை. வெயில் வேண்டாம், வானத்தின் வெளிச்சம் மட்டும் போதும். கண்ணாடி ஓடு ஒன்றே ஒன்று போடுவதற்கு நம் பாட்டிமார்களுக்குக் காரணம் இருந்திருக்கிறது.

பணக் கணக்கையும் உள்ளபடி சொல்லிவிடுகிறோம். 9 வாட் பல்பு ஒன்று பகலில் எட்டு மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேலே ஆகும். வீட்டுக்கு இது பெரிய பணம் இல்லை. ஆனால் வீடு சூடானால் காத்தாடி நிற்காது. 75 வாட் காத்தாடி நாள் முழுக்க ஓடினால் மாதத்துக்கு 54 யூனிட். ஆகவே பல்பை மிச்சம் பிடிக்கப் போய் மேற்கே பெரிய ஜன்னல் வைத்தால் நஷ்டம்தான். வெளிச்சத்தையும் சூட்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று ரைன்ஹார்ட் மாதிரி ஆட்கள் சொல்வது இதனால்தான். அகமதாபாத்தில் 1994 முதல் வேலை செய்யும் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் என்ற பெண்கள் அமைப்பும் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது. குடிசைப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, வீடு வீடாகக் கரண்டு உபயோகத்தைக் கணக்குப் பார்க்க வைத்தார்கள். தகரக் கூரைக்கு வெள்ளை பெயிண்ட், கூரையிலேயே வெளிச்சமும் காற்றும் வரும்படி ஒரு தகடு என்று செய்து காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு ஆராய்ச்சி. 2000-ஆம் ஆண்டு ஜெர்மனியில் வைல்ஹைம் என்ற ஊரில் பத்து ஆபீஸ் அறைகளில் ஆட்கள் விளக்கை எப்போது போடுகிறார்கள், ஜன்னல் மறைப்பை எப்போது இறக்குகிறார்கள் என்று மார்ச் முதல் டிசம்பர் வரை கவனித்தார்கள். இதையும் பழைய ஆராய்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது, உள்ளே நுழையும்போது இருட்டாகத் தெரிந்தால் ஸ்விட்ச் போடுகிறார்கள், பிறகு வெளியே எவ்வளவு வெளிச்சம் வந்தாலும் போகும் வரைக்கும் அணைப்பது அபூர்வம். ரைன்ஹார்ட் ஆட்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். பொழுதுக்குத் தகுந்தபடி மறைப்பை ஏற்றி இறக்குகிறவர்கள் ஒரு வகை. ஒரு தடவை இறக்கிவிட்டு வருஷம் முழுக்க விளக்கிலேயே இருப்பவர்கள் இன்னொரு வகை.

நம் வீடுகளில் இரண்டாவது வகைதான் அதிகம். ஜன்னல் கம்பியில் பழைய சேலை தொங்கும், கதவு ஆணி அடித்தே மூடியிருக்கும். ஆனால் காரணம் வேறே. "வயசுப் பொண்ணு இருக்கா மேடம், தெருவுல போறவன் வர்றவன் எட்டிப் பாக்குறான்." இதைத்தான் ஊர் ஊராகக் கேட்கிறோம். கதவை அடைத்து வைக்கிற அந்த அம்மாவிடம் வெளிச்சத்தின் மகிமையைப் பேசுவதில் அர்த்தம் இல்லை. எந்தக் கம்ப்யூட்டரிலும் இந்தக் கணக்கு இல்லை.

ஆனால் அதே விதி இங்கே கை கொடுக்கிறது. தெருப்பக்கச் சுவரில் ஜன்னலின் அடி விளிம்பை 5 அடிக்கு ஏற்றி, மேல் விளிம்பை ஏழரை அடியில் வையுங்கள். அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரோட்டில் நடக்கிறவருக்கு உங்கள் மோட்டுவளை தெரியும், உள்ளே உட்கார்ந்திருப்பவர் தெரிய மாட்டார். வெளிச்சம் 11 அடி வரை போகும். மறைப்பு போட வேண்டிய அவசியமும் இல்லாததால் அதற்கு மேலும் போகலாம். காற்றுக்குக் கொல்லைப்பக்கம் தாழ்வான ஜன்னல் ஒன்று.

வீடு கட்டுகிறவர்கள் கவனியுங்கள். 2016-இல் வந்த பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. 2024-இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி. இரண்டும் சின்ன வீடு. சின்ன வீட்டில் இது ஒரு நல்லது, எந்த மூலையும் ஜன்னலுக்கு ரொம்பத் தூரம் இல்லை. ஆனால் காங்கிரீட் போட்ட பிறகு கண்ணாடி ஓடு மாட்ட முடியாது. லிண்டல் போட்ட பிறகு ஜன்னலை உயர்த்த முடியாது. சுவர் நாலு அடி எழும்பியிருக்கும் இந்த வாரத்தில்தான் சொல்ல முடியும். கொத்தனாரிடம் தயங்காமல் பேசுங்கள். குழுவாகப் போய்ப் பேசினால் இன்னும் நல்லது.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டீர்கள். சுவரைப் பாருங்கள். வெள்ளை அடித்த சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். அடுப்புக் கரி படிந்த சுவர் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும் மேல்தளமும் வெள்ளையாக இருந்தாலே வித்தியாசம் தெரியும். முழு வீட்டுக்கும் பணம் இல்லையென்றால் அந்த இரண்டுக்கு மட்டும் அடியுங்கள். ஜன்னலை மறைக்கிற பீரோவை நகர்த்துங்கள். தையல் மிஷின் வைத்திருப்பவர்கள், வலது கைப் பழக்கம் என்றால் ஜன்னல் இடது பக்கம் வருகிற மாதிரி போடுங்கள். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் உங்கள் நிழலே துணிமேல் விழும், நேர் எதிரே இருந்தால் கண் கூசும்.

இப்போது ஒரு வேலை. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு குழுவிலும் மூன்று வீடுகளில் இதைச் செய்ய வேண்டும். பகல் 12 மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, ஒரு கைப்பிடி அரிசியை முறத்தில் எடுத்துக்கொண்டு ஜன்னலில் இருந்து உள்ளே நகர்ந்துகொண்டே போங்கள். கல் தெரியாமல் போகிற இடத்தில் தரையில் கோலமாவால் ஒரு கோடு. ஜன்னலின் மேல் விளிம்பு எத்தனை அடி, கோடு எத்தனை அடி என்று அளந்து, ஜன்னல் எந்தத் திசை என்பதையும் சேர்த்துத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். நாலு மணிக்கு இன்னொரு தடவை. வயதான அம்மா ஒருவரையும் கோடு போடச் சொல்லுங்கள், அவர் கோடு எங்கே வருகிறது என்று தனியாகக் குறியுங்கள்.

தையல் கூடத்தின் வரைபடம் மேஜைமேல் இருக்கிறது. டேப்பும் வைத்திருக்கிறோம். வடக்குச் சுவரில் எத்தனை ஜன்னல், எவ்வளவு உயரத்தில் என்று டீ குடித்துவிட்டு வந்து முடிவு பண்ணுவோம். முடிவைத் தீர்மானமாக எழுதி இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் திங்கட்கிழமை கொத்தனாரிடம் கொடுக்க முடியும்.